விதைப்பு இல்லாத வெள்ளாமை: சில்கோசா காட்டுக்கு வந்த சிக்கல்

பாதாம், பிஸ்தா, முந்திரி எல்லாவற்றையும் விட அதிக விலைக்கு விற்கும் ஒரு விதை வடமாநில உலர்பழக் கடைகளில் உண்டு. ஒல்லியாக, பழுப்பு நிறத்தில், ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். மேல் ஓடு மெல்லியது. பல்லால் கடித்தாலே உடைந்து, உள்ளே வெண்ணெய் நிறப் பருப்பு வரும். சில்கோசா என்பார்கள். இமாச்சலப் பிரதேசத்தில் நியோசா. ஒரு கிலோ பல ஆயிரம் ரூபாய். சென்னை, கோவையில் பெரிய கடைகளில் 'பைன் நட்' என்று சிறு பொட்டலங்களில் பார்த்திருப்பீர்கள். சிலர் இதைச் சாரப்பருப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாரப்பருப்பு வேறு மரம், வேறு பருப்பு.

இந்த விதைக்கு உழவு கிடையாது. உரம் கிடையாது. பாசனம், களையெடுப்பு, மருந்து எதுவும் கிடையாது. மலைச்சரிவில் தானாக நிற்கும் பைன் மரத்தில் இருந்து பறித்து விற்பதுதான் வேலை. இவ்வளவு லாபமான வெள்ளாமை வேறு உண்டா என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் இதில் விதைப்பும் கிடையாது. பறிப்பவர் விட்டுவைக்கும் விதைதான் அடுத்த தலைமுறை மரம். விலை ஏற ஏற, விட்டுவைப்பது குறைந்துகொண்டே வருகிறது. கின்னோர் மாவட்டத்துச் சில்கோசாக் காடுகளில் முதிர்ந்த மரங்கள் நிற்கின்றன. அவற்றின் அடியில் கன்றுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. காட்டு விளைபொருள் சேகரிப்போருடன் வேலை செய்யும் களப்பணியாளர்கள் இந்த மரத்தின் கதையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மழை எட்டாத மலை

பைன் மரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாவற்றிலும் விதை இருக்கும் என்றாலும், மனிதர் தின்னும் அளவுக்குப் பருத்த விதை சில இனங்களில்தான். அவற்றிலும் பெரிய சந்தைக்கு வருபவை நான்கைந்து. நம் நாட்டுக்கு உரியது சில்கோசா பைன். தாவரவியல் பெயர் பைனஸ் ஜெரார்டியானா.

கிழக்கு ஆப்கானிஸ்தான், பாகிஸ்தானின் வடக்கு மற்றும் மேற்கு மலைகள், இந்தியாவின் வடமேற்கு இமயமலை. முக்கியமாக இந்த மூன்று நாடுகளில் இது இயற்கையாக வளர்கிறது. நம் பக்கத்தில் இமாச்சலின் கின்னோர் மாவட்டம்தான் முக்கியம். சம்பா மாவட்டத்தின் பாங்கி, பர்மோர் பகுதிகளிலும், ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வாரிலும் கொஞ்சம் உண்டு. கடல் மட்டத்தில் இருந்து 1,800 மீட்டர் முதல் 3,300 மீட்டர் வரை உள்ள வறண்ட சரிவுகள்தான் இதன் இடம். கின்னோரில் சட்லஜ் ஆற்றை ஒட்டி மேலே போகப் போகத் தென்மேற்குப் பருவமழை மெலிந்துவிடும். முன்னால் நிற்கும் மலைகள் மழையைத் தடுத்துவிடுகின்றன. குளிர்காலத்தில் விழும் பனி உருகித் தரும் ஈரம்தான் மரத்துக்குப் பாசனம்.

மரம் 10 முதல் 20 மீட்டர் வரை வளரும். ஊசி இலைகள் மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். பட்டை செதில் செதிலாக உரிந்து, உள்ளே சாம்பலும் பச்சையும் கலந்த திட்டுகள் தெரியும்; நம் ஊர்க் கொய்யா மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணே இல்லாதது போலத் தெரியும் பாறை இடுக்கில் வேர் விட்டு நிற்கும். கின்னோர் அடிக்கடி நிலச்சரிவு ஏற்படும் மாவட்டம். அந்தச் செங்குத்துச் சரிவுகளில் பிடிப்பாக நிற்கும் மரங்கள் மிகக் குறைவு. விதைக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காமல் போனாலும் இந்த மரம் அங்கே இருந்தாக வேண்டும்.

ஆயுளும் நீளம். லக்னோவில் உள்ள பீர்பல் சாஹ்னி ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கின்னோர் மரங்களின் வளர்ச்சி வளையங்களை அளந்து, பல நூற்றாண்டுகளின் மழை, வறட்சிக் கணக்கைப் படித்திருக்கிறார்கள். மழை குறைந்த ஆண்டில் வளையம் ஒடுங்கியிருக்கும், நல்ல ஆண்டில் அகன்றிருக்கும். மழைமானி வருவதற்கு முந்தைய காலத்து மழையை மரம் எழுதிவைத்திருக்கிறது.

தொரட்டியும் கிளையும்

அறுவடை செப்டம்பர், அக்டோபரில். பைன் மரத்தின் காய் கூம்பு வடிவில் இருக்கும். சில்கோசாவின் கூம்பு 10 முதல் 18 சென்டிமீட்டர் நீளம். அடுக்கடுக்கான செதில்களும், ஒவ்வொரு செதிலுக்கும் உள்ளே விதைகளும் இருக்கும். மரத்திலேயே விட்டால் கூம்பு காய்ந்து, செதில் விரிந்து, விதை கீழே கொட்டிவிடும். அப்படிக் கொட்டினால் சரிவில் பொறுக்க முடியாது; பறவையும் எலியும் முந்திக்கொள்ளும். அதனால் கூம்பு பச்சையாக, மூடியிருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள்.

ஆள் மரத்தில் ஏறி, தொரட்டியால் இழுத்தோ கிளையைத் தறித்தோ கூம்பைக் கீழே தள்ளுவார். கீழே இருப்பவர்கள் பொறுக்கிக் கூடையில் சேர்ப்பார்கள். பிசின் கையிலும் துணியிலும் அப்பும். கூம்புகளைக் குவித்து மூடிவைத்துக் காயவிட்டால் சில நாட்களில் செதில் விரியும். பிறகு தட்டி உதிர்த்து, புடைத்து, விதையைப் பிரிக்கிறார்கள். செங்குத்துச் சரிவில் நிற்கும் மரத்தில் ஏறுவது ஆபத்தான வேலை. இடுப்பில் கயிறு கட்டாமலேயே பலர் ஏறுகிறார்கள்.

இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் ஒன்று நடக்கிறது. மே, ஜூன் மாதத்தில் மகரந்தம் சேர்ந்த கூம்பு அந்த ஆண்டே முதிராது. அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் பறிப்புக்கு வரும். அதாவது இந்த செப்டம்பரில் நீங்கள் மரத்தைப் பார்த்தால், பறிக்க வேண்டிய பெரிய கூம்புடன், அடுத்த ஆண்டுக்கான சின்னஞ்சிறு கூம்பும் கிளை நுனிகளில் இருக்கும். கிளையைத் தறித்தால் இரண்டு மகசூலும் ஒன்றாகப் போகும். புதுக் கிளை வளர்ந்து மறுபடி கூம்பு வைக்கும் வரை பின்வரும் ஆண்டுகளும் போகும். நம் மலைகளில் நெல்லியை ஒவ்வொன்றாகப் பறிக்கப் பொறுமை இல்லாமல் கிளையோடு வெட்டிச் சாய்ப்பதைப் பார்த்த களப்பணியாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெல்லியாவது சீக்கிரம் துளிர்த்துக்கொள்ளும். வறண்ட குளிர்மலையில் நிற்கும் பைனுக்கு அந்த வேகம் கிடையாது.

கின்னோர் கிராமத்தினருக்குத் தங்கள் ஊர்க் காட்டில் சில்கோசா சேகரிக்கும் உரிமை தலைமுறை தலைமுறையாக உண்டு. முன்பு ஊரே கூடிப் பறித்துப் பங்கு போட்டுக்கொள்வது வழக்கமாக இருந்தது. இப்போது நிலைமை வேறு. ஆப்பிள் அங்கே பெரிய பணப்பயிர். ஆப்பிள் பறிப்பும் சில்கோசா பறிப்பும் ஒரே பருவத்தில் வருகின்றன. ஆப்பிளுக்கே ஆள் போதாது. அதனால் பல ஊர்கள் அந்தப் பருவத்துக் கூம்புகளைக் குத்தகைக்கு விட்டுவிடுகின்றன. குத்தகைதாரர் வெளியாட்களை, பெரும்பாலும் நேபாளத் தொழிலாளர்களை, அழைத்து வந்து பறிக்கிறார்.

குத்தகைதாரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு பருவத்துக்கு மட்டும் பணம் கட்டியவர், அடுத்த ஆண்டு அந்தக் காடு தனக்கே கிடைக்கும் என்ற உறுதி இல்லாதவர், ஒரு கூம்பைக்கூட விட்டுவைக்க மாட்டார். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்வீர்கள். குத்தகைக் காலத்தை ஒரு பருவம் என்று வைத்ததுதான் தவறு. ஐந்து, பத்து ஆண்டுக் குத்தகை, இத்தனை மரம் பறிக்காமல் விட வேண்டும் என்ற நிபந்தனை, கிளை தறித்தால் அபராதம் என்று ஊர் முடிவெடுத்தால் பறிக்கும் கையும் மாறும் என்பது என் எண்ணம். ஒரு பருவக் குத்தகைக்கு விட்ட புளியந்தோப்பும், பல ஆண்டு ஒருவர் கையிலேயே இருக்கும் புளியந்தோப்பும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இறக்கை இல்லாத விதை

பெரும்பாலான பைன் விதைகளுக்கு மெல்லிய இறக்கை இருக்கும். காற்று தூக்கிப் போய்த் தூரத்தில் போடும். சில்கோசா விதை கனமானது; இறக்கை பெயரளவுக்கு இருந்து உதிர்ந்துவிடும். காற்று உதவாத இந்த விதையைப் பரப்ப வேறு ஆள் வேண்டும்.

உலகம் முழுக்கப் பருத்த விதை தரும் பைன்களுக்கு இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் காக்கைக் குடும்பத்துப் பறவைகள். ஆங்கிலத்தில் நட்கிராக்கர் எனப்படும் கொட்டை உடைக்கும் பறவை இமயமலையிலும் உண்டு, ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் உண்டு. அமெரிக்காவின் மேற்கு மலைகளில் உள்ள இதன் உறவுப் பறவையை விஞ்ஞானிகள் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். நாக்குக்கு அடியில் உள்ள பையில் விதைகளை நிரப்பிக்கொண்டு பறந்து போய், நாலைந்து விதைகளாக மண்ணில் புதைக்கும். ஒரு பருவத்தில் பல்லாயிரம் விதைகள். குளிர்காலம் முழுக்க அந்த இடங்களை நினைவில் வைத்து, பனியைக் கிளறி எடுத்துச் சாப்பிடும். மறந்துபோனதும் எடுக்காமல் விட்டதும் வசந்தத்தில் முளைக்கும். ஆழமும் சரியாக இருக்கும், இரண்டு மூன்று சென்டிமீட்டர். நாம் விதைத்தாலும் அவ்வளவு ஆழம்தான் வைப்போம்.

பைன் மரம் ஆண்டுதோறும் ஒரே அளவு காய்க்காது. சில ஆண்டுகள் சொற்பம். சில ஆண்டுகள் கொட்டித் தீர்க்கும். தின்னும் உயிர்கள் எல்லாம் தின்று தீர்த்த பிறகும் மிச்சம் இருக்க வேண்டும் என்ற இயற்கையின் கணக்கு அது. எலி, பறவை, கரடிக்கு எதிராக இந்தக் கணக்கு பல லட்சம் ஆண்டுகள் வேலை செய்தது. தொரட்டி பிடித்த மனிதரிடம் எடுபடவில்லை. காய்ப்பு நல்ல ஆண்டில் ஆட்களும் அதிகமாக வருகிறார்கள். காய்ப்பு குறைந்த ஆண்டில் விலை ஏறிவிடுவதால் உச்சிக் கிளையில் இருக்கும் கடைசிக் கூம்புக்கும் ஆள் ஏறுகிறார்.

தப்பி விழுந்து முளைத்த கன்றுக்கு அடுத்த எதிரி வெள்ளாடும் செம்மறியும். மேய்ச்சலுக்குப் போகும் மந்தை மிதிப்பதிலும் கடிப்பதிலும் பல கன்றுகள் போகின்றன. சாலை, அணை, மின்தடம் ஆகியவற்றுக்காக வெட்டப்பட்ட மரங்கள் தனிக்கணக்கு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் இந்த மரத்தை 'அச்சுறு நிலையை நெருங்கியது' என்று வகைப்படுத்தியிருக்கிறது.

கன்று வைத்து ஈடுகட்ட முடியாதா? முயல்கிறார்கள். சிம்லாவில் உள்ள இமயமலை வன ஆராய்ச்சி நிறுவனம் நாற்றங்கால் முறைகளை ஆராய்ந்து வருகிறது. வேலை எளிதல்ல. விதையில் கொழுப்பு அதிகம் என்பதால் சாதாரணச் சேமிப்பில் முளைப்புத்திறன் விரைவில் குறையும். நிலக்கடலை விதைப்பருப்பை உடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமே, அதே கதை. விதைத்த பாத்தியை எலியும் பறவையும் கிளறாமல் கம்பிவலை போட்டு மூட வேண்டும். முளைத்த பிறகு வேர்தான் கீழே ஓடும். மேலே முதல் ஆண்டில் சில சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் நாற்றங்காலிலேயே சில ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பிறகு செங்குத்துச் சரிவில் நட்டு, வேலி போட்டு, ஆட்டிடம் இருந்து காப்பாற்ற வேண்டும். அது காய்க்கப் பல பத்தாண்டுகள் ஆகும். நட்டவர் பேரன் பறிப்பான். இந்தச் செலவையும் காலத்தையும் பார்த்தால், சரிவுக்குச் சில நல்ல மரங்களைப் பறிக்காமல் விடுவதும், அந்த இடத்தில் மேய்ச்சலைச் சில ஆண்டுகள் தடுப்பதும் எவ்வளவோ மலிவு.

பாகிஸ்தானிலும் இதே பிரச்சினைதான். அங்கே உலக உணவு மற்றும் வேளாண் அமைப்பின் உதவியோடு ஊர்ப் பாதுகாப்புக் குழுக்கள் அமைத்து, பறிப்புக் கருவிகள் கொடுத்து, விதையை உள்ளூரிலேயே பதப்படுத்தி விற்க ஏற்பாடு செய்தார்கள். பச்சை விதையாக வியாபாரிக்குத் தள்ளிவிடாமல் வறுத்து, தரம்பிரித்து விற்றால், குறைவாகப் பறித்தாலும் வருமானம் குறையாது என்பது யோசனை. ஆனால் 2022 மே மாதம் பலூசிஸ்தானின் ஷெரானி மாவட்டத்தில், சுலைமான் மலைத்தொடரின் சில்கோசாக் காட்டில் பெருந்தீ பிடித்தது. ஈரான் தீயணைப்பு விமானம் அனுப்பியது. தீயை அடக்கப் போன உள்ளூர் மக்களில் மூன்று பேர் இறந்தார்கள். அந்த மக்களின் முக்கிய வருமானமே அந்த மரங்கள்தான்.

ஆப்கானிஸ்தானில் பக்தியா, கோஸ்த், குனார், நூரிஸ்தான் மாகாணங்களில் சில்கோசாக் காடுகள் உண்டு. 2018 நவம்பரில் காபூலில் இருந்து சீனாவின் ஷாங்காய்க்கு இந்த விதையை ஏற்றிக்கொண்டு தனி விமானம் போனது. ஆட்சி மாறிய 2021-இலும் அந்த ஏற்றுமதி மறுபடி தொடங்கியது. ஒரு காட்டு விதைக்காகச் சரக்கு விமானம் விடுகிறார்கள் என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலூனில் பறந்த தொழிலாளி

உலகச் சந்தையில் 'பைன் நட்' என்று விற்பதில் பெரும்பகுதி கொரிய பைன் மரத்தின் விதை. வடகிழக்குச் சீனா, ரஷ்யாவின் கிழக்குக் கோடி, கொரியா ஆகிய பகுதிகளில் வளர்வது. நம் சில்கோசா போல நீளமாக இல்லாமல், உருண்டு முக்கோணமாக இருக்கும். மரம் மிக உயரம் என்பதால் சீனாவில் ஹைட்ரஜன் நிரப்பிய பெரிய பலூனில் ஆளைத் தொங்கவிட்டு, பலூனைக் கயிற்றால் தரையில் கட்டி, கூம்பு பறிக்கும் வழக்கம் உண்டு. 2022 செப்டம்பரில் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் அப்படிப் பறித்துக்கொண்டிருந்த இரண்டு பேரின் பலூன் கட்டு அவிழ்ந்துவிட்டது. ஒருவர் குதித்துத் தப்பினார். மற்றவர் பலூனோடு ஏறக்குறைய 320 கிலோமீட்டர் மிதந்துபோய், இரண்டு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டார்.

இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், துருக்கி, லெபனானில் வளர்வது குடை போல விரிந்த உச்சி கொண்ட மத்தியதரைக்கடல் பைன். இதன் கூம்பு முதிர மூன்று ஆண்டுகள் வேண்டும். ரோமானியர் காலத்தில் இருந்தே சமையலில் இருக்கிறது. அங்கே தோப்பாகவே வளர்த்து, மரத்தை உலுக்கும் இயந்திரம் கொண்டு அறுவடை செய்கிறார்கள். கிளை தறிக்கும் பேச்சில்லை. அவர்களுக்கு வேறு தலைவலி. வட அமெரிக்காவைச் சேர்ந்த, பைன் விதையை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி ஒன்று 1999-இல் இத்தாலியில் முதன்முதலாகக் காணப்பட்டது. சில ஆண்டுகளில் ஐரோப்பா முழுக்கப் பரவியது. வெளியில் நன்றாகத் தெரியும் கூம்புக்குள் விதை சொத்தையாகிவிடுகிறது. வெளிநாட்டுப் பூச்சி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மரவள்ளி மாவுப்பூச்சியை நாம் மறக்கவில்லை.

அமெரிக்காவின் தென்மேற்கு வறண்ட மலைகளில் பின்யோன் பைன். ஷோஷோனி, பையூட், நவஹோ போன்ற பழங்குடியினருக்கு அது குளிர்கால உணவு. நெவாடாவில் வெள்ளிச் சுரங்கம் வந்த காலத்தில் உருக்காலைக் கரிக்காகப் பெரும்பரப்பில் வெட்டினார்கள். பூர்வகுடிகளுக்கு அது சோற்றுப்பானையை உடைத்த மாதிரி.

சமையலில்

கின்னோரில் சில்கோசாவைப் பெரும்பாலும் வறுத்து அப்படியே கொறிக்கிறார்கள். கல்யாணத்திலும், விருந்தாளி வந்தாலும், சில்கோசா, வால்நட், உலர்ந்த ஆப்ரிகாட் கோத்த மாலை போடுவது அந்த ஊர் மரியாதை. பூமாலையைவிட இது பயனுள்ள வழக்கம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வட இந்திய அசைவ விருந்துகளிலும் புலாவ், அல்வாவிலும் சேர்ப்பார்கள்.

இத்தாலியின் ஜெனோவா நகரத்துப் பெஸ்டோ என்ற பச்சைத் துவையல்தான் பைன் பருப்பை உலகப் புகழ் ஆக்கியது. பேசில் இலை, பூண்டு, பைன் பருப்பு, உப்பு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் சேர்த்துக் கல் உரலில் இடிப்பார்கள். பேசில் வேறு எதுவும் இல்லை, நம் திருநீற்றுப்பச்சிலை இனம்தான். ரகம் வேறு, வாசனை கொஞ்சம் மாறும். சிசிலித் தீவில் மத்தி மீன், உலர்திராட்சை, பைன் பருப்பு சேர்த்துப் பாஸ்தா செய்கிறார்கள். லெபனானில் நெய்யில் பொன்னிறமாக வறுத்துச் சோற்றின் மேலும் இறைச்சியின் மேலும் தூவுவார்கள், நாம் பொங்கலுக்கு முந்திரி போடுவது போல. துனீசியாவில் புதினாத் தேநீரில் மிதக்கவிட்டுக் குடிக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது கொரியர்களின் கஞ்சி. அரிசியை ஊறவைத்து அரைத்து, பைன் பருப்பையும் தனியாக அரைத்து, இரண்டையும் தண்ணீரில் கலந்து மெல்லிய தீயில் கிளறிக் காய்ச்சுவார்கள். உப்பு மட்டும்தான். நோயாளிக்கும் முதியவருக்கும் கொடுக்கிற கஞ்சி. பருப்பு வாங்க வசதியில்லை என்றால் நம் முந்திரியிலோ வேர்க்கடலையிலோ இதே முறையில் செய்து பாருங்கள். பெஸ்டோவுக்கும் முந்திரி நன்றாகவே பொருந்தும்.

100 கிராம் பைன் பருப்பில் சுமார் 670 கலோரி உண்டு. கொழுப்பு 68 கிராம் வரை, புரதம் 13 முதல் 14 கிராம். இது பொதுவாகப் பைன் பருப்புக்குச் சொல்லப்படும் கணக்கு. சில்கோசாவில் கொழுப்பு இதைவிடக் குறைவு, மாவுச்சத்து அதிகம். மெக்னீசியம், துத்தநாகம், மாங்கனீசும் இருக்கின்றன. நல்ல உணவுதான். ஆனால் இதைத் தின்றால் இன்ன நோய் தீரும் என்று கடை அட்டையில் எழுதியிருப்பதை நம்பிக் கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை.

வாங்குவதாக இருந்தால் ஓட்டோடு வாங்குங்கள். உடைத்த பருப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். உடைத்தது என்றால் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வறுக்கும்போது எண்ணெய் தேவையில்லை. வெறும் சட்டியில் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். கண்ணசந்தால் கருகிவிடும். வேர்க்கடலை, முந்திரி ஒவ்வாமை உள்ளவர்கள் முதல்முறை சாப்பிடும்போது கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. சிலருக்குப் பைன் பருப்பு சாப்பிட்ட ஓரிரு நாள் கழித்து, எதைச் சாப்பிட்டாலும் வாயில் கசப்பும் உலோகச் சுவையும் தட்டும். ஒரு வாரம், இரண்டு வாரம்கூட இருந்து, தானாகச் சரியாகிவிடும். சீன வெள்ளைப் பைன் என்ற இனத்தின் விதை கலந்த சரக்கோடுதான் இந்தக் கோளாறைத் தொடர்புபடுத்துகிறார்கள். அந்த விதை சிறியது, மங்கலானது. எந்த நாட்டுச் சரக்கு என்று எழுதாத, வழக்கத்தை விட மிக மலிவான பொட்டலத்தைத் தவிர்ப்பது நல்லது.

நம் மலையில் வருமா?

இவ்வளவு விலை என்றதும் அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பைன் காடு இருக்கிறதே என்பீர்கள். அங்கே சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் மரங்களில் பெரும்பாலானவை மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பைனஸ் பாட்டுலா. மரத்துக்காகவும் கூழுக்காகவும் வைத்தது. விதை இறக்கையோடு மிகச் சிறியதாக இருக்கும். உடைத்துத் தின்ன ஒன்றும் இல்லை. அது புல்வெளியிலும் சோலையோரத்திலும் தானாகப் பரவி இப்போது வனத்துறைக்கே தொல்லையாக இருக்கிறது.

சில்கோசா கேட்பது பனி விழும் நீண்ட குளிர்காலமும் மழை குறைந்த கோடையும். நம் மலைகளில் குளிர் இருந்தாலும் இரண்டு பருவமழையும் கொட்டும், ஈரப்பதம் அதிகம், பனிப்பொழிவு கிடையாது. சமவெளியைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆகவே 'சில்கோசா கன்று, ஐந்தாண்டில் காய்க்கும்' என்று யாராவது விற்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தாயகத்திலேயே காய்க்கப் பல பத்தாண்டு எடுக்கும் மரம் உங்கள் தோட்டத்தில் ஐந்தாண்டில் காய்க்காது. மலைப்பகுதியில் மரப்பயிர் வைக்க நினைப்பவர்கள், உங்கள் உயரத்துக்கும் மழைக்கும் எது பொருந்தும் என்று மேட்டுப்பாளையத்தில் உள்ள வனக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுவிட்டுக் கன்று வாங்குங்கள்.